நட்டம் யாருடைய கணக்கில்?

நட்டத்தில் ஓடுகிற கடையை மூடிவிட வேண்டியதுதானே? சின்ன ஊர்க் கால்பந்து கிளப்புகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த ஒரு கேள்வியோடு விஷயம் முடிந்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். 2019 ஆகஸ்ட் 27 இரவு, மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள பெரி நகரத்தின் கிளப்பை இங்கிலாந்து லீக் நிர்வாகம் வெளியேற்றியது. 1885இல் தொடங்கிய கிளப் அது. 1900இலும் 1903இலும் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. அன்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. வருத்தப்பட்ட கையோடு, "பாவம்தான், ஆனால் பொருளாதாரம் என்று ஒன்று இருக்கிறதே" என்று நகர்ந்தவர்களும் உண்டு. வார இறுதி இரவுகளில் ஆர்சனலுக்கும் லிவர்பூலுக்கும் கண்விழிக்கும் நம் ஊர் நண்பர்கள் பலரின் கருத்தும் இதுதான்.

அந்தத் தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். இங்கிலாந்தின் முதல் நான்கு பிரிவுகளில் மட்டும் 92 கிளப்புகள். அவற்றுக்குக் கீழே இன்னும் பல படிகள். அந்த நாட்டின் அளவுக்கு இது அதிகம். பல கிளப்புகள் வரவுக்கு மீறிச் செலவு செய்கின்றன. ரசிகர்களே பெரிய அணிகளைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். திறமையுள்ள பையன் எந்த மூலையில் இருந்தாலும் பெரிய கிளப்பின் ஆட்கள் தேடி வந்துவிடுவார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களின் கிளப்புகளை இணைத்தால் வலுவான ஒன்றாவது மிஞ்சும். ரசிகர்கள் சேர்ந்து கிளப் நடத்துவது உணர்ச்சி வேகத்தில் செய்கிற வேலை, நெடுநாள் நிற்காது. நூலகத்தை மூடும் நகராட்சி கால்பந்துக்குப் பணம் கொடுப்பது அநியாயம். ஆகவே சந்தை முடிவு செய்யட்டும்.

இதில் எதையும் முட்டாள் பேச்சு என்று தள்ள மாட்டேன். உண்மை இருக்கிற இடங்களில் ஒப்புக்கொள்ளவும் செய்வேன். ஆனால் இந்த வாதம் முழுவதும் ஒரே ஒரு பேரேட்டை வைத்துக்கொண்டு நிற்கிறது: கிளப்பின் சொந்த வரவு செலவு. கிளப் உண்டாக்கிய மதிப்பு யார் பேரேட்டில் வரவாக ஏறியது, கிளப்பின் தலையில் விழுந்த கடனை யார் வாங்கியது என்ற இரண்டையும் அது பார்ப்பதே இல்லை. என் மறுப்பு அங்கே தொடங்குகிறது.

1. பெரி கிளப்பைக் கொன்றது எது?

கூட்டம் குறைந்ததா, ஆட்டம் குறைந்ததா? வெளியேற்றப்படுவதற்கு நான்கு மாதம் முன்புதான் அந்த அணி நான்காம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு ஏறியிருந்தது. சம்பளம் ஒழுங்காக வராத ஆட்டக்காரர்கள் அந்த ஏற்றத்தை வென்று கொடுத்தார்கள். கொன்றது கடன். வருமானத்துக்குப் பொருந்தாத சம்பள ஒப்பந்தங்கள் போடப்பட்டன. தொடங்கிய ஆண்டிலிருந்து கிளப் ஆடிவந்த கிக் லேன் மைதானமே அடமானத்துக்குப் போனது. 2018 டிசம்பரில் கிளப் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. பெரியில் ஒரு கால்பந்து அணி இருப்பதே தனக்குத் தெரியாது என்று வாங்கியவர் பிறகு ஒரு பேட்டியில் சொன்னார்.

2019 ஜூலையில் கடன்காரர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டைப் பாருங்கள். ஆட்டக்காரர் சம்பளம், மற்ற கிளப்புகளுக்கான பாக்கி ஆகியவற்றை முழுதாகத் தீர்க்க வேண்டும். லீகின் விதி அப்படி. மற்றவர்களுக்கு ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ். மற்றவர்கள் என்ற அந்தச் சொல்லுக்குள்தான் கடனுக்குச் சரக்கு கொடுக்கிறவர்களும் வேலை செய்து கொடுக்கிறவர்களும் வருவார்கள்.

ஆகஸ்ட் 27 பகலில், கடைசி நிமிடத்தில் ஒரு நிறுவனம் வாங்க முன்வந்திருக்கிறது என்ற நம்பிக்கையில், ஊர்க்காரர்கள் துடைப்பமும் வாளியுமாக கிக் லேனுக்கு வந்தார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்காக இருக்கைகளைத் துடைத்தார்கள், படிகளைக் கூட்டினார்கள். அன்றிரவே வெளியேற்றத் தீர்ப்பு வந்தது. நட்டக் கடை என்று இதைச் சொல்பவர்கள், கடன் வாங்கியவர் யார், கடைசியில் பெருக்கிக்கொண்டிருந்தவர் யார் என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

பெரி தனிக் கதையும் இல்லை. 2008இல் எஃப்.ஏ. கோப்பை வென்ற போர்ட்ஸ்மத் கிளப் 2010, 2012 என இரண்டு முறை திவால் நிர்வாகத்துக்குப் போனது. பணக்கார உரிமையாளர்கள் கையில் இருந்தபோதுதான் அது சரிந்தது. 2013இல் அதைத் தூக்கி நிறுத்தியது ரசிகர்களின் டிரஸ்ட்.

2. எந்தச் சந்தை?

காவிரிப் பாசனத்தில் கடைமடை நிலம் விளையவில்லை என்றால் யாரும் முதலில் மண்ணைக் குறை சொல்வதில்லை. மேலே ஷட்டரை இறக்கியது யார் என்றுதான் கேட்போம். கால்பந்தில் மட்டும் மண்ணைத் திட்டுகிறோம்.

1983 வரை இங்கிலாந்து லீகில் உள்ளூர் அணிக்கு வரும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு எதிரணிக்கும் போனது. எதிரணி வந்தால்தான் ஆட்டமே உண்டு என்பதால் ஏற்பட்ட வழக்கம். பெரிய கிளப்புகளின் நெருக்கடியால் அது நின்றது. 1960களின் நடுவில் பி.பி.சி. ஆட்டச் சுருக்கங்களைக் காட்டக் கொடுத்த 5,000 பவுண்டு 92 கிளப்புகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது. தலைக்கு ஐம்பது பவுண்டு சொச்சம். தொகை சின்னது, முறை நியாயமானது. தொகை பெருகப் பெருக முறை மாறியது. 1992இல் முதல் பிரிவுக் கிளப்புகள் தனியே போய் பிரீமியர் லீக் அமைத்தன. 2025-26 பருவத்தில் தொடங்கிய அதன் உள்நாட்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு 670 கோடி பவுண்டு. அதற்குக் கீழே உள்ள மூன்று பிரிவுகளின் 72 கிளப்புகளுக்கு 2024-25இல் தொடங்கிய ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு 93.5 கோடி. பிரீமியர் லீகிலிருந்து கீழே விழுகிற கிளப்புக்கோ, விழுந்த வலி தெரியாமலிருக்க மூன்று ஆண்டு வரை தனித் தொகை உண்டு: முதல் ஆண்டில் மேல்பிரிவுக் கிளப்புகள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் பங்கில் 55 சதவீதம்.

இந்த மடைக்கட்டின் விளைவு என்ன? இரண்டாம் பிரிவுக் கிளப்புகள் 2020-21இல் ஈட்டிய ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் 125 பவுண்டைச் சம்பளமாகக் கொடுத்தன. கொரோனா ஆண்டு என்று தள்ளிவிட முடியாது. அதற்கு முன்பே அந்த எண் நூறைத் தாண்டிவிட்டது. ஒரு படி ஏறினால் கோடிகள், ஏறாவிட்டால் சில்லறை என்று ஒரு ஏணியைக் கட்டி வைத்தால் அதில் நிற்பவர்கள் சூதாடத்தான் செய்வார்கள். அவர்களோடு போட்டி போட மூன்றாம் பிரிவும், மூன்றாம் பிரிவோடு போட்டி போட நான்காம் பிரிவும் கடன் வாங்குகின்றன. வரவுக்கு மீறிய செலவு என்ற குற்றச்சாட்டு உண்மை. அந்தச் செலவைத் தூண்டும் ஏணியை வடிவமைத்தவர்கள் அதே குற்றச்சாட்டைச் சொல்ல உரிமை இல்லாதவர்கள்.

3. ரசிகர்கள் பெரிய அணிகளைத்தான் தேர்ந்தெடுக்கிறார்களாம்.

சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் சனிக்கிழமை மாலை ஏழரைக்கோ எட்டரைக்கோ தொலைக்காட்சியில் பார்க்கிற பிரீமியர் லீக் ஆட்டத்தை இங்கிலாந்தில் இருப்பவர் நேரலையில் பார்க்க முடியாது. அங்கே அப்போது பிற்பகல் மூன்று மணி. சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை நேரலை ஒளிபரப்புக்குத் தடை. 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்ட் பிடிவாதமாக நின்று பெற்றுக்கொடுத்த ஏற்பாடு இது. பெரிய ஆட்டம் வீட்டுக்கே வந்துவிட்டால் சின்ன மைதானத்துக்குக் கூட்டம் வராது என்பது அவர் வாதம். எது கண்முன் வைக்கப்படுகிறதோ அதைத்தான் மக்கள் எடுக்கிறார்கள் என்பதை லீகே ஒப்புக்கொண்டு விதி செய்திருக்கிறது. நம் வீட்டுத் திரைக்கு அந்த விதி இல்லாததால்தான் சின்னக் கிளப்புகளின் பக்கம் நமக்கு இவ்வளவு மங்கலாகத் தெரிகிறது.

4. திறமையைத் தேடி வருவார்களா?

ஜேமி வார்டியை ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் பதினாறு வயதில் கழித்துவிட்டது. அவரை எடுத்துக்கொண்டது ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற சிற்றூர்க் கிளப். ஊனமுற்றவர்களுக்கும் அடிபட்டவர்களுக்கும் பயன்படும் மருத்துவச் சாதனங்கள் செய்யும் தொழிற்சாலையில் பகலில் வேலை, மாலையில் பயிற்சி. அங்கிருந்து ஹாலிஃபாக்ஸ், அங்கிருந்து ஃபிளீட்வுட். 2012இல் லெஸ்டர் கிளப் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 2016இல் லெஸ்டர் பிரீமியர் லீக் சாம்பியன். ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் இல்லாத உலகில் வார்டி தொழிற்சாலையிலேயே இருந்திருப்பார். அவரைத் தேடி வந்திருக்க வேண்டியவர்கள் அவரைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டவர்கள்.

ஆலி வாட்கின்ஸ் எக்ஸிடர் கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர். உடனே மேலே வரவில்லை. வெஸ்டன் சூப்பர் மேர் என்ற இன்னும் சின்னக் கிளப்புக்கு இரவலாகப் போய் ஆடிக் கற்றுக்கொண்டார். 2024 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராகக் கடைசி நேரத்தில் அவர் அடித்த கோல்தான் இங்கிலாந்தை இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனது. ஜாரட் போவன் 2014இல் பதினேழு வயதில் ஹெரிஃபோர்ட் யுனைடெட் கிளப்புக்கு ஆடினார். கிளப் அப்போதே கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. அந்த டிசம்பரில் நீதிமன்றம் அதைக் கலைத்தது. 2023 ஜூன் மாதம் பிராக் நகரில் வெஸ்ட் ஹாம் அணிக்கு ஐரோப்பியக் கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையைத் தந்த கோல் போவனுடையது. அந்த வெற்றிப் பணத்தில் ஒரு பென்னியைப் பெறக்கூட ஹெரிஃபோர்ட் யுனைடெட் உயிரோடு இல்லை.

ஆனால் விலை கொடுத்துத்தானே வாங்குகிறார்கள் என்பீர்கள். எந்த விலை? 2012இல் இங்கிலாந்தில் இளம் ஆட்டக்காரர்களுக்கான புதிய திட்டம் ஒன்று அமலானது. ஒன்பது முதல் பதினொரு வயது வரை ஒரு பையனை வளர்த்ததற்கு ஆண்டுக்கு 3,000 பவுண்டு என்று இழப்பீட்டை அது நிர்ணயித்தது. அதற்கு முன் தொகையை ஒரு தீர்ப்பாயம் ஒவ்வொரு ஆட்டக்காரரின் தகுதியைப் பார்த்து முடிவு செய்யும். சின்னக் கிளப்புகள் இதற்கு ஏன் சம்மதித்தன? சம்மதிக்காவிட்டால் இளையோர் பயிற்சிக்குத் தரும் நிதியை நிறுத்திவிடுவோம் என்று பிரீமியர் லீக் சொன்னது. 2011 அக்டோபர் வாக்கெடுப்பில் 46 கிளப்புகள் ஆதரவு, 22 எதிர்ப்பு. சில ஆண்டுகளில் பிரென்ட்ஃபோர்ட் கிளப்பின் இளம் ஆட்டக்காரர்கள் இருவரை மான்செஸ்டரின் இரண்டு பெரிய கிளப்புகளும் சொற்பத் தொகைக்கு எடுத்துக்கொண்டன. 2016இல் பிரென்ட்ஃபோர்ட் தன் பயிற்சிப் பள்ளியையே மூடியது.

வாங்குகிறவரே விலையையும் எழுதுகிற இடத்தைச் சந்தை என்று அழைப்பது தமிழில் வழக்கம் இல்லை. நெல் கொள்முதலில் இப்படி நடந்தால் சாலை மறியல் நடக்கும். நாற்றங்காலுக்குக் கூலி கொடுக்காமல் அறுவடையை மட்டும் எடுத்துக்கொண்டு, நாற்றங்கால் நட்டத்தில் ஓடுகிறது என்று அறிக்கை வாசிக்கிறார்கள்.

5. இணைத்துவிட்டால் வலுவாகுமா?

இந்த யோசனை ஏற்கெனவே மேடையேறியது. 1983 ஏப்ரலில் ராபர்ட் மாக்ஸ்வெல், தன் கையிலிருந்த ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட்டையும் பக்கத்து ரெடிங் கிளப்பையும் இணைத்து 'தேம்ஸ் வேலி ராயல்ஸ்' என்று ஒன்றை உண்டாக்கப்போவதாக அறிவித்தார். தனித்தனியே இரண்டும் பிழைக்காது என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஆக்ஸ்ஃபோர்ட் ரசிகர்கள் மைதானத்தின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ரெடிங்கில் பங்குதாரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். திட்டம் விழுந்தது. மூன்றே ஆண்டில், 1986இல், அதே ஆக்ஸ்ஃபோர்ட் லீக் கோப்பையை வென்றது. 2006இல் ரெடிங் 106 புள்ளிகள் என்ற சாதனையோடு பிரீமியர் லீகுக்கு ஏறியது. பிழைக்காது என்று கணக்குப் போட்டுச் சொல்லப்பட்ட இரண்டு கிளப்புகள் அவை.

பிரைட்டன் இன்னும் கடுமையான பாடம். 1990களின் நடுவில் அந்தக் கிளப்பின் சொத்துகளில் சந்தைக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, 1902லிருந்து ஆடிவந்த கோல்ட்ஸ்டோன் மைதானத்தின் மனை. நிர்வாகம் அதை விற்றது. இன்று அங்கே கடை வளாகம் நிற்கிறது. மாற்று மைதானத்துக்கு ஏற்பாடே இல்லை. இரண்டு பருவங்கள் எழுபது மைல் தள்ளி ஜில்லிங்கமில் போய் 'சொந்த ஊர்' ஆட்டங்களை ஆடினார்கள். 1997 மே 3 அன்று லீகில் நீடிப்பதா, தொலைவதா என்ற கடைசி ஆட்டம். எதிரணி, மேலே சொன்ன அதே ஹெரிஃபோர்ட். தோற்றால் பிரைட்டன் வெளியே. ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. ஹெரிஃபோர்ட் வெளியே போனது.

அன்றைக்குச் சந்தை சொன்னபடி விட்டிருந்தால் பிரைட்டனின் மதிப்பு ஒரு மனையின் விலையோடு முடிந்திருக்கும். ரசிகர்கள் விடவில்லை. ஊர்வலம் போனார்கள், மனுக் கொடுத்தார்கள், ஓட்டப்பந்தயத் திடல் ஒன்றில் தற்காலிகமாக ஆடிய அணிக்குப் பின்னால் மழையில் நின்றார்கள். 2011இல் புது மைதானம், 2017இல் பிரீமியர் லீக். 2023 ஆகஸ்டில் மொய்செஸ் கைசெடோ என்ற ஒரே ஆட்டக்காரரை 10 கோடி பவுண்டுக்கு மேல் விற்றார்கள். இதில் ஒரு நேர்மையான எதிர்க்கேள்வி உண்டு: பிரைட்டன் விதிவிலக்குத்தானே? ஆமாம், எல்லாக் கிளப்பும் பிரைட்டன் ஆகாது. ஆனால் 1997இல் மூடிவிடலாம் என்ற பட்டியலில் பிரைட்டனின் பெயரும் இருந்தது. எது ஆகும், எது ஆகாது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் திறமை நட்டக் கணக்குப் போடுபவர்களுக்கு இருந்ததில்லை.

6. கிளப்பைத் தூக்கி வேறு ஊரில் வைக்கலாம் என்ற நம்பிக்கை.

விம்பிள்டன் என்றால் நமக்கு டென்னிஸ் நினைவுக்கு வரும். லண்டனுக்குப் போய் வந்தவர்களுக்கு அங்குள்ள கணபதி கோயில் நினைவுக்கு வரும். 1889இல் தொடங்கிய அவ்வூர்க் கால்பந்து கிளப் 1988இல் லிவர்பூலை வென்று எஃப்.ஏ. கோப்பையை எடுத்தது. 1991இல் ப்ளவ் லேன் மைதானத்தை விட்டு வெளியேறி, கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம். கூட்டம் குறைந்தது. உரிமையாளர்கள் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருந்த மில்டன் கீன்ஸ் என்ற புதுநகரத்துக்குக் கிளப்பைக் கொண்டுபோக விரும்பினார்கள். 2002 மே 28 அன்று மூவர் குழு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் சொந்தமாகப் புதுக் கிளப் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்தக் குழு எழுதி வைத்தது.

நான் மறுக்கிற வாதத்தின் மிகத் தூய வடிவம் இதுதான். கிளப் என்பது உரிமம், வாடிக்கையாளர் எங்கே அதிகமோ அங்கே கொண்டுபோகலாம் என்பது அதன் உள்பொருள்.

ஒரு மாதம் கழித்து, ஜூன் 29 அன்று, விம்பிள்டன் பொதுத்திடலில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் புதுக் கிளப்பின் ஆட்டக்காரர் தேர்வுக்கு வந்து நின்றார்கள். ஜூலை 10 அன்று சட்டன் யுனைடெட்டுடன் முதல் நட்பாட்டம். நான்கு கோல் வாங்கித் தோற்றார்கள். பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். ஒன்பதாம் படியில் தொடங்கிய ஏ.எஃப்.சி. விம்பிள்டனுக்கு அந்தப் பருவத்தில் வந்த சராசரிக் கூட்டம், இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த பழைய கிளப்புக்கு வந்ததைவிட அதிகம். உரிமம் ஒரு பக்கம் போனது, கிளப் இன்னொரு பக்கம் போனது. பழைய கிளப் 2003இல் திவால் நிர்வாகத்தில் விழுந்தது. புதுக் கிளப் ஒன்பது ஆண்டில் லீகுக்கு ஏறி, 2020 நவம்பரில் ப்ளவ் லேனில் கட்டிய சொந்த மைதானத்துக்குத் திரும்பியது. கட்டப் பணம் முட்டியபோது ரசிகர்களிடம் கடன்பத்திரம் விற்று 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். 2025இல் அந்த அணி மூன்றாம் பிரிவுக்கு ஏறியது. மில்டன் கீன்ஸ் அணி அப்போது நான்காம் பிரிவில் இருந்தது.

இதற்கும் சமூக மதிப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு 2020 மார்ச்சை நினைவுபடுத்துகிறேன். ஊரடங்கு வந்தது. விம்பிள்டன் ரசிகர்கள் சிலர் ஒரு தொண்டுக் குழுவைத் தொடங்கினார்கள். சூப்பர் மார்க்கெட் வாசல்களில் மேசை போட்டு உணவுப் பொருள் சேர்த்தார்கள். தேவைப்பட்ட வீடுகளின் கதவுக்கே கொண்டுபோனார்கள். பள்ளி மூடியதும், பழைய மடிக்கணினிகளைச் சேகரித்துப் பழுதுபார்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஓர் அரசுத் துறை இதைச் செய்ய முதலில் ஆட்களைத் தேட வேண்டும், அவர்கள் ஒருவரையொருவர் நம்ப வேண்டும், யார் வீட்டில் வேன் இருக்கிறது, யாருக்குக் கணக்கு எழுதத் தெரியும் என்று தெரிந்திருக்க வேண்டும். பதினெட்டு ஆண்டு சேர்ந்து மைதானக் கதவுக்குச் சாயம் அடித்தவர்களுக்கு அது முன்பே தெரியும். நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களின் உழைப்பு கிளப்பின் ஆண்டறிக்கையில் லாபமாக எந்தப் பத்தியிலும் வராது.

கிளப்பை வெறும் உரிமமாகப் பார்க்கும் இதே நோய் நம் பக்கத்திலும் உண்டு. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீகில் உரிமம் வாங்கியவர்கள் மட்டும் ஆடினார்கள். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19இல் ஐ-லீக் சாம்பியன் ஆனது. சாம்பியன் ஆனவர்கள் ஏறிப்போக அன்று படி இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் அந்த அணி தேசிய லீகிலேயே காணாமல் போனது. கோவையில் அன்று நிரம்பிய கூட்டத்துக்கு என்ன பதில் சொல்லப்பட்டது?

7. ரசிகர் கிளப்புகள் உணர்ச்சி வேகமா?

எக்ஸிடர் கிளப் 2003இல் லீகிலிருந்து கீழே விழுந்து கடனில் தத்தளித்தபோது ரசிகர்களின் டிரஸ்ட் பொறுப்பேற்றது. 2005 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானத்தில் கோலின்றி டிரா செய்தார்கள். அந்த ஆட்டமும் மறு ஆட்டமும் கொண்டுவந்த பணம் பழைய கடனை அடைக்கப் போனது. புது நட்சத்திரம் வாங்கப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். பிறகு பயிற்சிப் பள்ளியில் போட்டார்கள், வாட்கின்ஸ் வந்தார். அவரை பிரென்ட்ஃபோர்டுக்கு விற்றபோது, மறுவிற்பனையில் தங்களுக்கும் பங்கு என்று எழுதி வாங்கியிருந்ததால் 2020இல் ஆஸ்டன் வில்லா கொடுத்த பெரிய தொகையிலும் எக்ஸிடருக்குப் பங்கு வந்தது. உணர்ச்சி வேகத்தில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தை இப்படி எழுதுவதில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ரசிகர் கிளப்புகள் ஓர் உயரத்துக்கு மேல் போகத் திணறுகின்றன. போர்ட்ஸ்மத் ரசிகர்கள் 2017இல் ஓர் அமெரிக்கருக்கு விற்க வாக்களித்தார்கள். ரெக்ஸம் ரசிகர்கள் 2021இல் இரண்டு நடிகர்களுக்குக் கொடுத்தார்கள். அடுத்தடுத்து மூன்று ஆண்டு ஏற்றம் கண்டார்கள். பணம்தானே காப்பாற்றியது என்று கேட்கலாம். 2011 ஆகஸ்டில், பருவம் தொடங்க லீக் கேட்ட பிணைத்தொகைக்காக ரெக்ஸம் ரசிகர்கள் ஒரே நாளில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியிருக்காவிட்டால், பத்தாண்டு கழித்து நடிகர்கள் வந்து வாங்க அங்கே ஒன்றும் இருந்திருக்காது. உயரத் திணறுவதற்குக் காரணமும் இரண்டாம் மறுப்பில் சொன்ன ஏணிதான். கடன் வாங்கிச் செலவழிப்பவனோடு கைக்காசில் செலவழிப்பவன் ஓட வேண்டியிருக்கிறது.

8. நூலகமா, மைதானமா?

எதிர்த்தரப்பில் எனக்கு மிகவும் மரியாதை உள்ள கேள்வி இது. இங்கிலாந்தில் நகராட்சிகள் நிதி வெட்டில் நொடித்துக் கிடக்கின்றன. நூலகம் மூடப்படும் தெருவில் இருக்கும் தாய், கால்பந்துக்கு ஏன் என் வரி என்று கேட்டால் அவளைக் கோபித்துக்கொள்ள முடியாது.

ஆனால் முதலில் கேட்கப்படுவது மானியம் இல்லை. ஒளிபரப்புப் பணத்தில் நியாயமான பங்கு, வளர்த்துக் கொடுத்த பிள்ளைக்கு நியாயமான விலை, மைதானத்தை ஊரைக் கேட்காமல் விற்க முடியாது என்ற காப்பு, வாங்க வருகிறவரிடம் பணத்துக்குச் சான்று கேட்கும் கண்டிப்பு: இந்த நான்கிலும் வரிப்பணம் ஒரு பைசா இல்லை. 2021 நவம்பரில் ட்ரேசி க்ரவுச் தலைமையிலான ஆய்வு இந்தத் திசையில்தான் பரிந்துரைத்தது. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்து, முதல் ஐந்து படிகளுக்கும் தனி ஒழுங்குமுறை அமைப்பு ஏற்பட்டது. சந்தை தானே பார்த்துக்கொள்ளும் என்றவர்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அந்த விவாதத்தைத் தோற்றுவிட்டார்கள். காப்பிக்கடைப் பேச்சில் மட்டும் இன்னும் ஜெயித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வரிப்பணம் எப்போது தேவைப்பட்டது என்பதையும் பெரியே சொல்கிறது. 2022இல் கிக் லேனை மீட்க அரசின் நிதியிலிருந்து பத்து லட்சம் பவுண்டும் நகராட்சியிலிருந்து நான்கரை லட்சமும் போக வேண்டியிருந்தது. 2023இல் பெரி அந்த மைதானத்தில் மறுபடி ஆடத் தொடங்கியது, நான்காம் பிரிவுக்கும் வெகு கீழே, ஒன்பதாம் படியில். கூட்டம் ஆயிரக்கணக்கில் வந்தது. 2018 டிசம்பரில் கிளப் ஒரு பவுண்டுக்குக் கைமாறியபோது, நடத்தப் பணம் இருக்கிறதா என்ற சான்று லீகின் கைக்கு வருவதற்கு முன்பே விற்பனை முடிந்திருந்தது. அந்தச் சான்றைக் கேட்டு விற்பனையை நிறுத்தி வைக்க ஒரு தபால்தலைச் செலவு ஆகியிருக்கும். அதைக் கேட்காததற்காக அந்தத் தாய் கொடுத்த தொகை, மற்ற வரிகட்டுவோரோடு சேர்ந்து, பதினான்கரை லட்சம் பவுண்டு.